டில்லிபாபுவின் உள்ளங்கை

ஒரகடத்தில் லாரிகளுக்கு இருக்கைச் சட்டமும் படிக்கட்டும் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியில், பெயின்ட் ஷாப்பின் பராமரிப்பும் பாதுகாப்பும் ரஞ்சனியின் பொறுப்பு. அந்த வேலைக்கு அங்கே வந்த முதல் பெண் அவள். மண்ணூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவாள். வந்த புதிதில் எல்லாரும் அவளை ஆழம் பார்த்தார்கள். கேட்டதற்குப் பாதி பதில் சொன்னார்கள், அவள் தலை மறைந்ததும் சிரித்தார்கள். ஒருநாள் பீஸ் தொங்கும் கொக்கிகளில் பழைய பெயின்ட் ஏடு ஏடாக ஏறிக் கிடப்பதைப் பார்த்து லைனை நிறுத்திவிட்டாள். உற்பத்தி மேனேஜர் வந்து கத்தினார். கொக்கிகளைச் சுரண்டி முடிக்கும் வரை அவள் பட்டனைத் தொட விடவில்லை. அதற்குப் பிறகு சிரிப்பு நின்றுபோனது. அந்த நாளை நினைத்து அவளுக்கு ரொம்ப காலம் பெருமை இருந்தது.

அங்கே நடப்பது சாதாரண ஸ்ப்ரே வேலை இல்லை. பெயின்ட் அடிக்கும் கன்னின் நுனியில் பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் நிற்கும். கிளம்புகிற ஒவ்வொரு துளியும் அந்த மின்சாரத்தை ஏந்திக்கொண்டு, எர்த் ஆன இரும்பைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். முன்னால் அடித்தால் பின்பக்கமும் வளைந்து படியும். பெயின்ட் வீணாகாது. ஆனால் சுற்றி இருக்கிற எதிலும் அந்த மின்சாரம் தங்கிவிடக் கூடாது. பீஸைத் தொங்கவிடும் கொக்கி, தின்னர் டப்பா, கன் பிடித்து நிற்கிற ஆள், எல்லாமே எர்த்தோடு சேர்ந்திருக்க வேண்டும். கொக்கியில் பெயின்ட் ஏறிவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். ஆளுக்கு இதற்கென்றே செய்த ஷூ உண்டு. ஆனாலும் பெயின்ட் படிந்த தரையில் ஷூவை மட்டும் நம்ப முடியாது. அதனால்தான் கன்னின் கைப்பிடியை வெறும் உள்ளங்கையால் பிடிக்கச் சொல்வார்கள். ரப்பர் கையுறை போட்டுப் பிடித்தால் மின்சாரம் ஆள் உடம்பிலேயே சேர்ந்துகொண்டிருக்கும். அவன் போய் ஏதாவது இரும்பைத் தொடும்போது ஒரு பொறி பறக்கும். பக்கத்தில் தின்னர் ஆவி இருந்தால் அந்த ஒரு பொறி போதும்.

இதையெல்லாம் ரஞ்சனி வகுப்பெடுத்துச் சொல்லியிருந்தாள். வகுப்பில் டில்லிபாபுவும் உட்கார்ந்திருந்தான்.

டில்லிபாபு பென்னலூர்க்காரன். காண்ட்ராக்ட் ஆள்தான், ஆனால் பெயின்ட் அடிக்கும் கண்ணாடி அறையான பூத்தில் அவனைப் போல அடிக்க ஆள் இல்லை. அவன் அடித்த பீஸில் பெயின்ட் வழிந்து ஒழுகியதை யாரும் பார்த்ததில்லை. அதிகம் பேசமாட்டான். ஒருநாள் காலை ரஞ்சனி பூத்தின் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது, அவன் பாத்திரம் கழுவப் போடுகிற மஞ்சள் ரப்பர் கையுறையோடு கன்னைப் பிடித்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டுக் கழற்றச் சொன்னாள். கழற்றிப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டான். காரணம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

இரண்டாம் தடவை அவள் பார்த்தது, லாரி கம்பெனியிலிருந்து ஆட்கள் லைனைப் பார்க்க வந்திருந்த அன்று. அதே மஞ்சள் கையுறை. அவளுக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. லைனை நிறுத்தி, பூத்துக்கு வெளியே எல்லார் முன்னாலும் அவனை நிற்க வைத்தாள்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன் இல்ல? பத்திக்கிச்சுன்னா நீ மட்டும் போக மாட்ட டில்லி. பக்கத்துல நிக்கறவனும் போவான். உனக்கு அது வெளையாட்டா கீதா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கழற்றிய கையுறை கீழே கிடந்தது. கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தான். தன் பேச்சை அவன் மதிக்கவில்லை, அந்தத் திமிர்தான் கையைப் பின்னால் கட்ட வைக்கிறது என்று ரஞ்சனி நினைத்தாள். அன்றைக்கே விதிமீறல் என்று எழுதி, மறுபடி பயிற்சி வகுப்பில் உட்கார வைக்க வேண்டும் என்று கேட்டு அனுப்பினாள்.

அடுத்த வாரம் பூத்தில் வேறொருவன் நின்றான். காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் மோகனிடம் விசாரித்தாள். டில்லியை வரவேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது என்றான் அவன். நான் பயிற்சிக்குத்தானே எழுதினேன் என்று அவள் சொன்னபோது மோகன் லேசாகச் சிரித்தான். நிரந்தர ஆளாக இருந்தால் பயிற்சி, காண்ட்ராக்ட் ஆளுக்கு ஏது மேடம் இரண்டாவது வகுப்பு என்றான். அவள் எழுதிய பிறகு எந்தக் காண்ட்ராக்டர் அவனை வைத்துக்கொள்வான் என்றும் கேட்டான்.

நேரே எச்ஆரிடம் போய்ப் பேச வேண்டும் என்றுதான் அவள் கிளம்பினாள். வழியில் ஒரு பம்ப் ஒழுகுகிறது என்று கூப்பிட்டார்கள். அதைப் பார்த்து முடிக்கையில் ஷிப்ட் முடிந்துவிட்டது. மறுநாள் வேறொரு வேலை. இது காண்ட்ராக்டர் விஷயம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொள்வது சுலபமாக இருந்தது.

மழைக்காலம் முடிந்த சமயம் அவனை மறுபடி பார்த்தாள். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பழம் வாங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு பைக் பக்கத்தில் வந்து நின்றது. டில்லிபாபு ஹெல்மெட்டைக் கழற்றி வணக்கம் சொன்னான். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. அதுவே அவளைக் கூச வைத்தது.

பென்னலூருக்குப் பின்னால் சுப்பராயன் என்பவருடைய ஷெட்டில் இப்போது வேலை செய்கிறானாம். மூடிப்போன ஏதோ ஒரு கம்பெனியிலிருந்து பழைய கன் ஒன்றை சுப்பராயன் வாங்கியிருக்கிறார். பள்ளிக்கூட பெஞ்ச், கடை ராக், கேட் எல்லாவற்றுக்கும் அதில்தான் அடிக்கிறார்கள். எப்படி இருக்கிறது வேலை என்று அவள் கேட்டதும், அதற்காகத்தான் நிறுத்தினேன் என்பதுபோல் அவன் பைக்கை ஓரம் கட்டினான்.

"பீஸத் தொட்டா சுருக்குனு அடிக்குது மேடம். கொக்கியத் தொட்டாலும் அடிக்குது. அங்க நம்ம கம்பெனில ஒரு நாளும் அப்பிடி அடிச்சதில்ல."

"எர்த் ஒயர எங்க கட்டியிருக்காங்க?"

"செவுத்துல ஒரு தண்ணி பைப்பு கீது. அதுல."

"அந்தப் பைப் மண்ணுக்குள்ள போகுதா?"

"தெரில மேடம். சுப்பராயன் அண்ணன் போவுதுன்னு சொல்றாரு. நீங்க ஒரு தபா வந்து பாத்தீங்கன்னா நல்லாருக்கும். நான் சொன்னா அவரு கேக்க மாட்டாரு, நீங்க சொன்னா கேப்பாரு."

தன்னை வேலையை விட்டுத் துரத்தக் காரணமான ஒருத்தியிடம் அவன் இதைக் கேட்டான். ரஞ்சனி ஞாயிற்றுக்கிழமை எர்த் அளக்கும் மீட்டரோடு வருவதாகச் சொன்னாள். அதுவரை கன்னைத் தொடாதே என்றாள். அவன் தலையாட்டினான். தொடாமல் இருந்தால் அந்த வாரம் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. இருவரும் போன் நம்பர் வாங்கிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் ஆடிட்டுக்குத் தயார் செய்ய வரச் சொன்னார்கள். வர முடியாது என்று சொல்லியிருந்தால் யாரும் அவளை எதுவும் செய்திருக்க மாட்டார்கள். வேறொரு தயக்கமும் இருந்தது. வெளி ஷெட்டுக்குப் போய் வேலை பார்த்தாள் என்று மேனேஜர் காதுக்குப் போனால் என்ன நினைப்பார். அடுத்த வாரம் வருகிறேன் என்று டில்லிபாபுவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாள். கட்டைவிரலை உயர்த்திய படம் ஒன்று பதிலாக வந்தது.

அடுத்த ஞாயிறு வருவதற்குள் ஷெட்டில் தீப்பிடித்தது.

கேன்டீனில் மோகன்தான் சொன்னான். நம்ம டில்லி, பென்னலூர்ல ஒரு ஷெட்ல, என்று ஊர்ச் செய்தி போல ஆரம்பித்தான். மத்தியானம் கலர் மாற்றும்போது தின்னர் டப்பாவை எடுக்கப் போயிருக்கிறான். தகர டப்பா, பால் பாக்கெட் அடுக்குகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் கிரேட்டின் மேல் இருந்திருக்கிறது. விரல் படுவதற்குள்ளேயே பொறி பறந்து டப்பா பற்றிக்கொண்டது. கூட இருந்தவன் கோணிச் சாக்கைப் போட்டு அணைத்திருக்கிறான். உயிருக்குப் பயமில்லை, ஆனால் கழுத்தும் வலது தோளும் மார்பும் வெந்துவிட்டன. மோகன் பேசி முடித்து சாம்பார் வாங்கப் போய்விட்டான். ரஞ்சனியின் தட்டில் சோறு அப்படியே இருந்தது. அவளுக்கு அந்தக் கிரேட் கண்ணுக்குள் நின்றது. சுற்றிப் பறந்த பெயின்டிலிருந்து டப்பா மின்சாரத்தைச் சேர்த்துக்கொண்டே இருந்திருக்கும். அது இறங்கிப்போக வழி இல்லை.

சென்னையில் தீக்காய வார்டுக்கு வெளியே பாண்டிச்செல்வியைப் பார்த்தாள். டில்லிபாபுவின் மனைவி. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து போன் கம்பெனி வேலைக்கு வந்து, இங்கேயே கல்யாணம் ஆனவள். மகள் இசைவாணி, இன்னும் சரியாக நடை பழகாத பிள்ளை, அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. ரஞ்சனி பேரைச் சொன்னதும் பாண்டிச்செல்வி நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டாள்.

"நீங்கதானா. உங்களப் பத்திச் சொல்லிருக்காக."

சொல்லிவிட்டுப் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். திட்டினால் பரவாயில்லை என்றிருந்தது ரஞ்சனிக்கு. தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தாள். அதைக் குடித்த பிறகு பாண்டிச்செல்வி தானாகவே பேசினாள். குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"அந்தக் கையுற நான் வாங்கிக் குடுத்தது அக்கா. தின்னரு பட்டுப் பட்டு உள்ளங்கையெல்லாம் பாளம் பாளமா வெடிச்சுப்போச்சு அவுகளுக்கு. கொழம்பு சோத்துல கைய வைக்க முடியாது, கண்ணுல தண்ணி வந்துரும். ஸ்பூனுலதான் திம்பாக. புள்ளையத் தூக்கினா அந்தச் சொரசொரப்பு குத்தி அழுவா. அதனால தூக்கவே மாட்டாக, தள்ளி நின்னு பாத்துக்கிட்டே இருப்பாக. எனக்குத்தான் மனசு கேக்கல."

ரஞ்சனிக்கு முதுகுக்குப் பின்னால் போன அந்தக் கைகள் ஞாபகம் வந்தன. திமிர் இல்லை. வெடித்த கையை எல்லார் முன்னாலும் காட்ட வெட்கப்பட்டிருக்கிறான்.

அதைவிட ஒன்று அவளை அறுத்தது. கன்னோடு வந்த கையேட்டிலேயே இருக்கிறது, உள்ளங்கைப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டுக் கையுறை போடலாம் என்று. கைப்பிடியில் தோல் பட்டால் போதும், விரல்களும் புறங்கையும் மூடியிருக்கலாம். மின்சாரம் கடத்துகிற துணியில் செய்த கையுறைகூடக் கடையில் கிடைக்கிறது. அவளுக்கு இது தெரியாததல்ல. வகுப்பில் நேரம் போதாது என்று விட்டுவிட்ட பக்கம் அது. போடாதே என்று சொல்வதோடு விஷயம் முடிந்தது என்று இருந்துவிட்டாள்.

வார்டுக்குள் அனுமதிக்கவில்லை. கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கட்டுகளுக்கு நடுவே கண் மூடியிருந்த முகம் அவனுடையதுதானா என்று அவளுக்கு உறுதியாகத் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மீட்டரை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். மேனேஜர் காதுக்குப் போனால் போகட்டும் என்று இருந்தது. சுப்பராயன் அவளைப் பார்த்ததும் ஏதோ ஆபீசர் என்று பயந்து எழுந்து நின்றார். ஐம்பது வயதுக்காரர், வாடிப்போயிருந்தார். ஆஸ்பத்திரிக்கு அவரும் போய்வந்துகொண்டிருந்தார். பாதி கரிந்த தகரச் சுவரை அப்படியே வைத்துக்கொண்டு, வேறொரு ஆளை வைத்துச் சின்னப் பீஸ்களுக்குக் கன்னை ஓட்டத் தொடங்கியிருந்தார். ஆர்டர் நின்றுபோகும், ஷெட்டை மூட வேண்டியிருக்கும் என்றார்.

ரஞ்சனி கன்னை அணைக்கச் சொல்லிவிட்டு, எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனாள். சுவரில் இருந்த இரும்புப் பைப்பில் அது இறுக்கமாகத்தான் கட்டப்பட்டிருந்தது. வெளியே சுற்றிப் போய்ப் பார்த்தாள். சுவரைத் தாண்டியதும் ஒரு முழம் இரும்பு, அதற்கப்புறம் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் பிளாஸ்டிக் குழாய். மண்ணை அது தொடவே இல்லை. மீட்டரை வெளியில் எடுக்கக்கூடத் தேவை இருக்கவில்லை. ஒரு டீ குடிக்கிற நேரத்தில் கண்டுபிடித்துவிட்ட விஷயம். வருவதாகச் சொன்ன ஞாயிறு அன்று இந்த டீ நேரத்தை அவள் கொடுக்கவில்லை.

சுவர் ஓரமாக அவள் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டாள். சுப்பராயன் தயங்கித் தயங்கி வந்து, இன்னாமா, எதுனா தப்பா கீதா என்று கேட்டார். அவள் பைப்பைக் காட்டினாள். அவர் அதைப் பார்த்தார், குனிந்து கையால் தடவிப் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். இரும்புப் பைப் துருப்பிடித்து உடைந்தபோது பிளாஸ்டிக் மாற்றச் சொன்னது அவர்தானாம்.

அன்றைக்கே பள்ளம் தோண்டி செம்புக் கம்பி இறக்கினார்கள். உப்பும் கரியும் போட்டு மூடித் தண்ணீர் ஊற்றினார்கள். ரஞ்சனி கொக்கி, ராக், கன், தின்னர் டப்பா எல்லாவற்றிலிருந்தும் ஒயர் இழுத்து ஒவ்வொன்றாக அளந்தாள். பிளாஸ்டிக் கிரேட்டைத் தூக்கி வெளியே போடச் சொன்னாள். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால்தான் கன் ஓடும்படி ஸ்விட்சை மாற்றிக் கட்டினாள். கன்னைக் கழுவும்போது மின்சாரத்தை முதலில் அணைக்க வேண்டும் என்று புது ஆளிடம் சொன்னபோது, அவன் ஏன் என்று கேட்டான். நின்று விளக்கினாள். அவன் கையை நீட்டச் சொல்லி உள்ளங்கையையும் பார்த்தாள். அவன் ஒன்றும் புரியாமல் காட்டினான்.

தன் கம்பெனியில், உள்ளங்கை வெட்டிய கையுறையும் கைக்குத் தடவும் களிம்பும் வேண்டும் என்று கேட்டாள். கேட்டவுடன் கொடுத்துவிட்டார்கள். யாரும் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அவ்வளவு லேசாகக் கிடைக்கக்கூடியதாக இருந்தது அது.

டில்லிபாபுவைத் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும் என்று மேனேஜரிடம் போனது அதற்குப் பிறகு. பூத் வேலை வேண்டாம், ஸ்டோரில், பேக்கிங்கில், எங்காவது. கொக்கிக்காக அன்றைக்குக் கத்தினாரே தவிர, மேனேஜர் நல்ல மனிதர்தான். கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, அவன் பேரில் பாதுகாப்பு விதிமீறல் இருக்கிறதே, எந்தக் காண்ட்ராக்டர் வழியாகவும் எடுக்க முடியாதே என்றார். எழுதியது நீங்கள்தானே என்றும் சொன்னார். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றாள். நடந்தது பொய்யா என்று அவர் கேட்டார். பொய் இல்லை. அவன் கையுறை போட்டது உண்மை. அது ஆபத்து என்பதும் உண்மை.

வெயில் தொடங்கிய பிறகு ஒரு நாள் சாயங்காலம் பென்னலூரில் அவன் வீட்டுக்குப் போனாள். அவன் வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தான். கழுத்துத் தோல் இழுத்துப் பிடித்திருந்ததால் தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்த்துத் திரும்பினான். இன்னொரு ஆபரேஷன் செய்தால் கொஞ்சம் சரியாகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். பாண்டிச்செல்வி மறுபடி போன் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். பிள்ளையைப் பகலில் அவன்தான் பார்த்துக்கொள்கிறான். வேலைக்குப் போகாததால் கை ஆறிவிட்டது. இசைவாணி அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள்.

ஷெட்டில் எர்த் போட்டதை சுப்பராயன் வந்து சொன்னாராம். அதற்காக நன்றி சொன்னான். தெருவில் ஒரு தண்ணீர் லாரி போய் மறைந்தது.

"நீங்க அன்னிக்கு சொன்னது கரெக்ட்டுதான் மேடம். எனக்கும் தெரியும், கிளாஸ்ல கேட்டேன் இல்ல. ஆனா ஏன்டா போட்டன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் நீங்க."

"கேட்டிருக்கணும் டில்லி."

ஆடிட், பம்ப், மேனேஜர் என்று அவள் மனதில் அடுக்கி வைத்திருந்த காரணங்கள் எல்லாம் அந்த வாசலில் வாய்க்கு வரவில்லை. அவனும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. பூத்தில் இப்போது யார் அடிக்கிறார்கள் என்று விசாரித்தான். புது ஆள், பெயின்ட் வழிகிறது என்றாள். கன்னை ரொம்பக் கிட்டே பிடிக்கிறானாக இருக்கும், கொஞ்சம் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள் என்றான். அதைச் சொல்லும்போது வலது கை தானாக உயர்ந்து, தோள் இழுத்துப் பிடித்ததும் பாதியில் நின்றது.

கையை மடியில் வைத்துக்கொண்டு, "திரும்ப எதுனா வேல கெடைக்குமா மேடம் அங்க? பெயின்ட் வேணாம். அந்த வாசனயே இப்ப ஆவ மாட்டேங்குது. வேற எதுனா," என்றான்.

மேனேஜர் சொன்னதை மறைக்காமல் சொன்னாள். தான் எழுதியது இன்னும் அவன் பேரில் இருக்கிறது என்பதையும், அதை நீக்கக் கேட்டும் முடியவில்லை என்பதையும். அவன் கேட்டுக்கொண்டான். குழந்தையைத் தூக்கி இடது பக்கம் உட்கார வைத்துக்கொண்டான்.

"நீங்க எழுதினது நெசம்தானே மேடம். இன்னா பண்றது," என்றான்.

வேறு கம்பெனிகளில் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். ஒருமுறை அவனிடம் நாள் சொன்னது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டாள். கேட்டு, கிடைத்த பிறகு வந்து சொல்லலாம். கிடைக்காவிட்டாலும் வந்து சொல்ல வேண்டும்.

அவள் எழுந்தபோது தெரு முனையில் போன் கம்பெனி பஸ் வந்து நின்றது. பாண்டிச்செல்வி இறங்கி, களைத்த நடையில் வந்தாள். ரஞ்சனியைப் பார்த்ததும் முகத்தில் ஆச்சரியமோ வெறுப்போ காட்டவில்லை. வந்து ரொம்ப நேரமாச்சா, டீ குடிச்சீகளா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றாள் ரஞ்சனி. இருங்க, போட்டுத் தாரேன் என்று பையை ஆணியில் மாட்டிவிட்டு அவள் உள்ளே போனாள். ரஞ்சனி போகிறேன் என்று சொல்லவும் முடியாமல், உட்காரவும் கூசி, வாசலிலேயே நின்றாள். குழந்தை அப்பாவின் இறுகிய கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.